சத்து மாத்திரை என்று நான் சொன்னது

அன்றைக்குக் காலை பதினோரு மணிக்குக் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தண்டபாணியின் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்: அவர் மனைவி விஜயா, அவருடைய அக்கா வீட்டுக்காரர் கலியமூர்த்தி, தொழிற்சங்கத்திலிருந்து இரண்டு பேர், அவர் வேலை பார்த்த கம்பெனியின் பர்சனல் ஆபீசர், டியூட்டி டாக்டரம்மா, அப்புறம் நான். இல்லாதவர்கள்: அந்த மாத்திரையை முதலில் எழுதிய சர்க்கரை டாக்டர், அதைப் பட்டையிலிருந்து பிதுக்கிக் கவரில் போடச் சொல்லிக்கொடுத்த எங்கள் முதலாளி. ஒரு கணக்கில் தண்டபாணியும் அங்கே இல்லை. கண் திறந்திருந்தது. கை மட்டும் காற்றில் எதையோ பிடித்துப் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தது.

புதிதாக மெடிக்கல் கவுன்ட்டருக்கு வரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். 2004இல் டிப்ளமோ முடித்துச் சிதம்பரத்தில் ஒரு கடையில் நின்றவன், எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் அரசு வேலை கிடைத்துக் கவுன்ட்டரை விட்டுப் போகிறேன். முப்பது வயதில் அனுபவம் எழுத வந்துவிட்டான் பார் என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் படித்துவிட்டுச் சிரியுங்கள். ஏனென்றால் இதே தப்பை நீங்கள் போன வாரம் செய்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

எங்கள் கடை ஒரு சர்க்கரை டாக்டரின் கிளினிக்குக்குக் கீழே இருந்தது. மாடிப்படி இறங்கினால் கவுன்ட்டர். டாக்டர் கெட்டிக்காரர், நல்ல மனுஷர். ஆனால் நாள் முழுக்க அத்தனை கூட்டத்தைப் பார்க்கிறவர் வாயில் பேச்சு மிஞ்சாது. "கால் எரியுதா? எழுதியிருக்கேன். கீழ கேட்டுக்குங்க." அவ்வளவுதான். கீழே யார் இருக்கிறார்கள்? நான்.

எழுதுவது அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கென்று வந்த மாத்திரை. சர்க்கரை நாள்பட்டால் காலில் உள்ள நரம்பைக் கெடுக்கும். கெட்ட நரம்பு சும்மா கிடக்காது. நெருப்பே இல்லாத இடத்தில் நெருப்பு நெருப்பு என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சாதாரண வலி மாத்திரை அதற்குப் பக்கத்திலேயே போகாது. இந்த மாத்திரை, சின்ன அளவில், ராத்திரியில், அந்தக் கூச்சலைக் குறைக்கும். மருந்து ஒன்று, வேலை இரண்டு. அவ்வளவுதான் விஷயம். நாலு வரியில் எழுதிவிட்டேன் பாருங்கள். இதைக் கவுன்ட்டரில் நின்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

முதல் வருஷமே சொன்னேன். ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர். "டீச்சர், இது மனச்சோர்வுக்குக் குடுக்கிற மாத்திரை. ஆனா..." அந்த 'ஆனா'வுக்கு மேல் என்னைப் பேச விடவில்லை.

"என்னடா சொன்ன? கால் எரியுதுன்னு வந்தா எனக்கு மூளை சரியில்லைன்றியா? முப்பத்திரண்டு வருஷம் கணக்கு நடத்துனவடா நான்!"

மாத்திரைப் பட்டை கவுன்ட்டர் கண்ணாடியில் வந்து விழுந்தது. அந்தம்மா மறுபடியும் மாடி ஏறி டாக்டரையும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார். டாக்டர் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி என்னைப் பிடித்தார்.

"உன்ன யாருடா அவுங்களுக்குப் பாடம் எடுக்கச் சொன்னது? அவுங்களுக்கு வேணும்கிறது மாத்திரை. பட்டையிலேர்ந்து பிதுக்கிக் கவர்ல போடு. நரம்புக்குச் சத்து மாத்திரைன்னு சொல்லு. முடிஞ்சுபோச்சு."

நான் சரி என்றேன். முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வியாபாரி. படித்தவன் நான்.

சரி என்றதில் எனக்கு ஒரு பெருமை வேறு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் மாத்திரைப் பட்டையின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். எங்கம்மா இன்றைக்கும் "வெள்ளை காலைல, மஞ்சா ராவுல" என்றுதான் சொல்லும். அதனால் படிக்காத ஜனத்துக்கு எல்லாவற்றையும் எளிதாக்கித் தருகிறேன் என்று நினைத்தேன். கவரில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைவேன். பெயர் இருக்காது. 'நரம்பு சத்து' என்று எழுதி ஒரு நிலா. பெயரை மறைக்கிறோம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. உதவி செய்கிறோம் என்றுதான் தோன்றியது. நல்ல எண்ணத்தில் செய்கிற தப்பைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மனசு உறுத்தவே உறுத்தாது.

கலியமூர்த்தி கீரப்பாளையத்துக்காரர். நெல் நிலம், வாடகைக்கு ஓட ஒரு டிராக்டர், பதினோரு வருஷச் சர்க்கரை. முதல் நாள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படி இறங்கி வந்தார்.

"தம்பி, மொளவாய அரைச்சு ரெண்டு பாதத்துலயும் அப்பிவுட்ட மாதிரி எரியிது. போர்வை பட்டாக்கூடத் தாங்கல. ராவெல்லாம் ஈரச் சாக்குல காலை வச்சிக்கினு ஒக்காந்துகெடக்கறேன். பொண்டாட்டி, நீ ஒதறுற ஒதறுல என்னால தூங்க முடியலன்னு ரூம்ப மாத்திக்குச்சு."

பத்து மில்லிகிராமில் ஆரம்பித்து, டாக்டர் இருபத்தைந்துக்கு ஏற்றினார். மூன்று வாரத்தில் எரிச்சல் பாதிக்கு மேல் இறங்கியது. மனுஷர் தூங்கினார். அதற்கப்புறம் கடைக்கு வரும்போதெல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்வார்: "இந்தத் தம்பி குடுத்த சத்து மாத்திரை இருக்குதே, அதுதான்யா மாத்திரை!" நான் மறுத்தேனா? இல்லை. சிரித்துக்கொண்டு நின்றேன்.

2008, தை அறுவடை சமயம். அடிக்கடி வர முடியாது என்று இரண்டு மாசத்துக்குச் சேர்த்து அறுபது மாத்திரை வாங்கிப் போனார். மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை கடை திறந்ததும் வந்து நிற்கிறார்.

"தம்பி, அந்த நெலா போட்ட மாத்திரை ஒரு இருவது குடு. அவசரம். கடலூர் பஸ்ஸப் புடிக்கணும்."

"அறுவது குடுத்தனே அண்ணே? என்னாச்சு?"

"மச்சானுக்கு இருவது குடுத்துட்டேன். அவனுக்கும் சக்கர. கம்பெனில ஷூ மாட்டிக்கினு நின்னா கால் எரியிதுன்னான். பேத்தி காதுகுத்துக்கு வந்தப்பக் குடுத்தனுப்புனேன். இப்ப அவன் ஆஸ்பத்திரில கெடக்கறான் தம்பி. குடிகாடு கெமிக்கல் கம்பெனில வெஷ கேஸ் அடிச்சுடுச்சு. இன்னியோட நாலு நாள். ஆளே அடையாளம் தெரியல அவனுக்கு. தெம்பே இல்ல. மாத்திரை தீரப்போவுதுண்ணே, வாங்கியான்னு தங்கச்சி விஜயா போன் பண்ணுச்சு."

பிதுக்குவதற்கு எடுத்த பட்டையைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, அவரு எத்தன போட்டாரு?"

"சத்து மாத்திரதானே? சீக்கிரம் கேக்கட்டும்னு ராவுல மூணு, ஷிப்டுக்குப் போவறப்ப ஒண்ணு, வுழறதுக்கு முன்ன மூணு நாளு. நான்தான் சொன்னேன்."

நாளைக்கு நாலு. நூறு மில்லிகிராம். பத்தில் ஆரம்பித்து மெல்ல ஏற்ற வேண்டிய மருந்து.

"ஒண்ணுக்குப் போறாரா?"

"அது எப்பிடி ஒனக்குத் தெரியும்?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "போவல. டியூப் போட்டுருக்காங்க. முன்னாடியே அவனுக்கு அது சொட்டுச் சொட்டாத்தான் போவுமாம். வெக்கப்பட்டுக்கினு எவங்கிட்டயும் சொல்லல."

வயசானவருக்கு, ஏற்கெனவே அந்த அடைப்பு இருக்கிறவருக்கு, இந்த மாத்திரையை யோசிக்காமல் கொடுக்கக் கூடாது என்பது முதல் வருஷப் பாடம். வாய் வறளும், சிறுநீர் நிற்கும், அளவு கூடினால் புத்தி தடுமாறும். பரீட்சையில் அழகாக எழுதியிருக்கிறேன்.

முதலாளி கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைச் சரக்கு ரூமுக்குள் இழுத்தார்.

"நீ வாயத் தொறக்காத. கேஸ் அடிச்சுதுன்னு ஊரே சொல்லுது. ஒனக்கு என்னா வந்துச்சு? பேரு இல்லாத கவர்ல மாத்திரை குடுத்தோம்னு நீயே போயிச் சொல்லுவியா? லைசென்சு யாரு பேர்ல இருக்குது, ஒன் பேர்லயா, எம் பேர்லயா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிஜமாகவே கேசாக இருக்கலாம். நான் என்ன டாக்டரா? அந்த ஆளை நான் பார்த்ததுகூட இல்லை. இந்த இடத்தில்தான் தம்பி தங்கைகளே, நீங்களும் ஒரு நாள் வந்து நிற்பீர்கள். 'உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது' என்று ஒரு யோசனை வரும். ரொம்பப் பொறுப்பான யோசனை மாதிரி இருக்கும். அதை நம்பாதீர்கள். முடிவு பண்ணுவது அங்கே இருக்கிற டாக்டரின் வேலை. என்ன மருந்து, எத்தனை போயிற்று என்று சொல்வது நம் வேலை. அதற்கு உறுதி எதுவும் தேவையில்லை.

கலியமூர்த்தியின் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதத்தில் விஜயாவின் செல் நம்பர் இருந்தது. கடை போனிலிருந்து போட்டேன்.

"அக்கா, அண்ணன் குடுத்த கவர்ல இருக்கற மாத்திரைய இனிமே குடுக்காதீங்க."

"சத்து மாத்திரதானே தம்பி? இப்பகூட ரெண்டு குடுத்தேன். துப்பறாருன்னு இட்லில நசுக்கி ஊட்டிவுட்டேன்."

"ஆஸ்பத்திரிலயுமா?"

"ஆமா, தெனைக்கும் ரெண்டு. ஒடம்புல தெம்பு வேணாமா?"

"டாக்டர் கேக்கலயா, என்னென்ன மாத்திரைன்னு?"

"கேட்டாங்களே. சக்கர மாத்திரயக் காட்டுனேன். அப்பறம் சத்து மாத்திர ஒண்ணுன்னேன். சரி, அது கெடக்கட்டும்னுட்டாங்க."

கேட்க வேண்டிய கேள்வியை டாக்டர் கேட்டிருக்கிறார். அந்தம்மா தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லியிருக்கிறது. நடுவில் நான் வைத்த பெயர் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. போனை நர்ஸிடம் கொடுக்கச் சொன்னேன். "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்காங்க சார், எதுவா இருந்தாலும் நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கலியமூர்த்தியோடு பஸ் ஏறினேன். முதலாளி முதுகுக்குப் பின்னால் என்னவோ சொன்னார். எழுத முடியாது.

புதுச்சத்திரம் தாண்டியதும் அவரிடம் உண்மையைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அது சத்து மாத்திரை இல்லை அண்ணே, மனச்சோர்வுக்குக் குடுக்கறது, சர்க்கரை நரம்பு வலிக்கும் கேக்கும், அதுக்காகத்தான் உங்களுக்கு டாக்டர் எழுதினார் என்றேன்.

அவர் பஸ் அதிரக் கத்தினார்.

"ரெண்டு வருஷமா எனக்குப் பைத்தியத்துக்கு மாத்திர குடுத்தியாடா நீ?"

முன் சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டது.

"யாருப்பா அது மெண்டலு? மொதல்ல டிக்கெட்ட எடுங்க, அப்பறம் சண்ட போடுங்க" என்றார் கண்டக்டர்.

"அதுக்கு இல்லண்ணே, உங்களுக்கு வலிக்குத்தான்..."

"பேசாத. ஊரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சேனே, சத்து மாத்திர, சத்து மாத்திரன்னு. அந்த டாக்டரு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னானா? நீ சொன்னியா? நான் என்னா பச்சக் கொழந்தையா? சொன்னா புரியாதா எனக்கு?"

டீச்சர் பட்டையை விட்டெறிந்த கதையைச் சொல்லலாம். சொன்னால் அது சாக்கு. கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினேன். குடிகாடு வந்தது, பஸ்ஸுக்குள் கெமிக்கல் வாடை வந்தது. "பாரு, இந்த நாத்தத்துல நின்னா மனுசன் என்னாத்துக்கு ஆவான். கேஸாத்தான் இருக்கும்" என்றார். கொஞ்சம் கழித்துத் தனக்குத்தானே, "நான்தானே நாலு போடச் சொன்னேன்" என்றார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வார்டில் முதலில் சொன்ன அத்தனை பேரும் இருந்தார்கள். தண்டபாணிக்கு நாற்பத்தெட்டு வயது, டிரம் நிரப்புகிற இடத்தில் வேலை. அன்றைக்கு டிரம்மிடம் பேசிக்கொண்டே சரிந்து விழுந்ததால் கேஸ் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. விஜயா "ந்தா, யாரு வந்துருக்காங்க பாருய்யா" என்று தோளைத் தொட்டது. அவர் என்னைப் பார்த்து, "வால்வ மூடுனியா?" என்றார். அப்புறம் மறுபடியும் காற்றில் எதையோ பிடித்தார்.

டாக்டரம்மாவிடம் நேராகப் போய்ச் சொன்னேன். "மேடம், நான் சிதம்பரத்துல பார்மசிஸ்ட். இவருக்கு அமிட்ரிப்டிலின் போயிருக்கு. விழறதுக்கு முன்னாடி மூணு நாள், நாளைக்கு நூறு மில்லிகிராம். அப்புறம் இங்கயும் ரெண்டு ரெண்டா."

"இங்கயுமா?" விஜயாவைப் பார்த்தார். அது தலையணைக்கு அடியிலிருந்து கவரை எடுத்து நீட்டியது. டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பேரே இல்லையே. நிலாதான் இருக்கு. யாரு குடுத்தது இது?"

"நான்தான் மேடம்."

என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் அதிகம் இருக்கும் அவருக்கு. கவரை என் நெஞ்சுக்கு நேராக ஆட்டினார்.

"நெஞ்சு எக்ஸ்ரே கிளியர். ஆக்சிஜன் நார்மல். ஆனா கண்ணு விரிஞ்சிருக்கு, வாய் காஞ்சிருக்கு, ஒண்ணுக்கு அடைச்சிருக்கு, நாடி வேகமா ஓடுது. என்ன கேஸ், என்ன கேஸ்னு கம்பெனிக்குப் போன் போட்டுப் போட்டு என் தொண்டை போச்சு. நேத்து தலைக்கு ஸ்கேன் எடுக்க வச்சேன். ஒரு பேரு! ஒரே ஒரு பேரு இதுல எழுதியிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும். எழுதத் தெரியாதா உங்களுக்கு?"

எழுதத் தெரியாதா என்று என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆளை.

அவர் உடனே இ.சி.ஜி.க்குச் சொன்னார், மாத்திரையை நிறுத்தச் சொன்னார், நர்ஸை இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். ஒரு நிமிஷத்தில் அந்த அறையில் வைத்தியம் வேறு பக்கம் திரும்பியது. அதற்குள் கட்டிலுக்கு மறுபக்கம் இன்னொன்று ஆரம்பித்துவிட்டது.

பர்சனல் ஆபீசர் ஃபைலைத் திறந்தார். "அப்ப கேஸ் இல்லைன்னு எழுதிக் குடுத்துடுறீங்களா மேடம்?"

சங்கத்துக்காரர் ஒருவர் என் சட்டையைப் பிடிக்காத குறை. "யாரு சார் நீ? நாலு நாளாக் காணோம், இப்ப எங்கேர்ந்து குதிச்ச? கம்பெனிகிட்ட எவ்ளோ வாங்குன?"

"ஏய், கைய எடு" என்றார் கலியமூர்த்தி. "அவன் எங்க டாக்டருக்குக் கீழ மெடிக்கல்ல நிக்கறவன். என்னையே ரெண்டு வருஷம் ஏமாத்துனவன். கம்பெனியாண்ட காசு வாங்கிக்கினுதான் பொய் சொல்லணும்னு இல்ல அவனுக்கு."

எனக்காகத்தான் பேசுகிறாரா என்று இன்றைக்கும் புரியவில்லை.

ஆபீசர் கண்ணாடியை மூக்கில் இறக்கி எழுத ஆரம்பித்தார். எழுதுவதை வாய்விட்டுச் சொன்னார். "தொழிலாளி மனநோய் மாத்திரை உட்கொண்டு..." நிறுத்தி என்னைப் பார்த்தார். "மெண்டல் மாத்திரை சாப்பிடுற ஆளை எப்படி சார் பிளான்ட்டுக்குள்ள விடுறது? வால்வ மாத்தித் திருப்புனா யாரு பொறுப்பு?"

விஜயாவின் முகம் மாறியதை அப்போது பார்த்தேன். புருஷன் பிழைப்பானா என்று நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தது, இப்போது பிழைத்தால் வேலை இருக்குமா என்று பார்த்தது. ஒரே காலையில் நான் அதற்கு இரண்டாவது பயத்தையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். பொய் சொன்னாலும் அடி, உண்மை சொன்னாலும் அடி என்றால் மனுஷன் எங்கே போவது?

"அப்படி எழுதாதீங்க சார்" என்றேன். "அவருக்கு எந்த மனநோயும் கெடையாது. ஒரு பேப்பர் குடுங்க, நான் எழுதித் தர்றேன்."

"நீங்க என்ன எழுதுவீங்க?"

"நடந்தத."

எழுதினேன். உறவினருக்குச் சர்க்கரை நோயால் வந்த நரம்பு வலிக்கு டாக்டர் எழுதிய மாத்திரை இது. இதே மருந்து பெரிய அளவில் மனச்சோர்வுக்கும் தரப்படுகிறது. தண்டபாணி தன் கால் எரிச்சலுக்காக, சத்து மாத்திரை என்று நம்பி, அளவு தெரியாமல் சாப்பிட்டிருக்கிறார். அவரை அப்படி நம்ப வைத்தது, பெயர் எழுதாத கவரில் மாத்திரையைப் போட்டுக் கொடுத்த நான். கீழே என் பெயர், பதிவு எண், கையெழுத்து. டாக்டரம்மா படித்துப் பார்த்துவிட்டு, "மருந்தின் விளைவு, மனநோய் இல்லை" என்று தானும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆபீசர் மடித்து ஃபைலில் வைத்தார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சங்கத்துக்காரர் வெளியே போகும்போது என் காதருகில் நின்று, "எதுல கையெழுத்துப் போட்டன்னு தெரியுமா ஒனக்கு?" என்றார். அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் தண்டபாணிக்குத் தெளிந்தது. முதலில் கேட்டது, "என் ஷூ எங்க?" டியூப் எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. சிறுநீர் அடைப்புக்குத் தனியாக வைத்தியம் பார்த்தார்கள். கால் எரிச்சலுக்கு அவருக்கு ஏற்ற வேறு மருந்து எழுதினார்கள். விழுந்த நாளிலிருந்து எண்ணி இருபது நாளில் வேலைக்குப் போனார். வேலையை யாரும் எடுக்கவில்லை. கான்டீனில் ஒருத்தன் "என்னா மெண்டலு, டிரம்மு என்னா சொல்லுது?" என்று கேட்டானாம். இவர் "ஒன்னையத்தான் வெசாரிச்சுது" என்றாராம். அதோடு முடிந்தது.

முடியாதது எங்கள் பக்கம்தான். முதலாளி ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. எது வேண்டுமானாலும் சீட்டில் எழுதி நீட்டுவார். மாடி டாக்டரிடம் போய், 'சார், சீட்டுல மாத்திரைக்குப் பக்கத்துல கால் நரம்பு வலிக்குன்னு தமிழ்ல ஒரு வார்த்தை எழுதுங்க, பாக்கிய நான் பேசிக்கறேன்' என்றேன். நல்ல யோசனை என்றார். இரண்டு வாரம் எழுதினார். மூன்றாம் வாரம் கூட்டம் ஜாஸ்தி, விட்டுவிட்டார். மறுபடி போய்க் கேட்டேன். மறுபடி இரண்டு வாரம். அதற்கப்புறம் இந்த நாலு வருஷத்தில் எத்தனை முறை அந்த மாடி ஏறியிருப்பேன் என்று எண்ணவில்லை.

கலியமூர்த்தி கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். நிறுத்துவதென்றால் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள் என்று ஆள் விட்டுச் சொன்னேன், கேட்கவில்லை. மூன்றாவது வாரம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படி இறங்கி வந்தார்.

"குடுடா அந்தப் பைத்தியக்கார மாத்திரய."

"டாக்டர் சீட்டு?"

"தோ. மேல போயி நல்லாக் கேட்டுட்டுத்தான் வர்றேன், எதுக்கு, எத்தன, என்னா பண்ணும்னு. அவரும் ஒக்கார வச்சுச் சொன்னாரு. ரெண்டு வருஷத்துல மொத தடவ."

பட்டையோடு கொடுத்தேன். கவரில் பெயர் எழுதினேன், எதற்கு என்று எழுதினேன், ஒன்றுக்கு மேல் கூடாது, வேறு யாருக்கும் கூடாது என்று எழுதினேன். நிலாவும் வரைந்தேன். அதில் தப்பில்லை.

இப்போது நான் சொல்வது இதுதான். இதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முதல் வார்த்தையில் மனச்சோர்வு என்று ஆரம்பிக்காதீர்கள். அது நான் டீச்சரிடம் செய்த தப்பு. காலில் ஆரம்பியுங்கள். "ஒங்க கால் நரம்பு சக்கரயால கெட்டுப்போயி, சும்மா எரியிது எரியிதுன்னு மூளைக்குச் சேதி அனுப்புது. அந்தச் சேதியக் கொறைக்கற மாத்திர இது. இதையே ஜாஸ்தி அளவுல மனச்சோர்வுக்கும் குடுப்பாங்க. யாராவது பேரப் பாத்துட்டு ஒங்கள ஏதாச்சும் சொன்னா, எனக்குத் தெரியும், கால் வலிக்குத்தான்னு சொல்லுங்க. கேக்க ரெண்டு மூணு வாரம் ஆவும். வாய் காயும், தூக்கம் வரும். ஒண்ணுக்குப் போறதுல செரமம் உண்டா? கண்ணுல பிரஷர், நெஞ்சுல கோளாறு உண்டா? இருந்தா இப்பவே மேல போயிச் சொல்லிட்டு வாங்க." மூன்று நிமிஷம் ஆகும். பின்னால் வரிசையில் நிற்கிறவர் "மெடிக்கலா, பள்ளிக்கூடமா இது?" என்று கத்துவார். கத்தட்டும். இவ்வளவு சொன்ன பிறகும் பட்டையை விட்டெறிகிறவர்கள் உண்டு. போன மாசம்கூட ஒருத்தர் எறிந்தார். பொறுக்கி எடுத்து வைத்தேன். எனக்கு எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வருகிறது. அவர் மேல் பாதி, 'பைத்தியம்' என்ற சொல்லைக் கேட்டதும் வலியைக்கூட மறந்து ஓடுகிற இந்த ஊர் மேல் பாதி. ஆனால் தெரிந்துகொண்டு எறிகிறார். அது அவர் உரிமை. தெரியாமல் விழுங்க வைத்தது என்னுடைய காரியம்.

அந்த வருஷம் ஆடி மாசத்தில் விஜயா சிதம்பரத்துக்கு வந்தபோது கடைக்கும் வந்தது. கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. வீட்டுக்காரர் நல்லா இருக்கிறார் என்றது. நான்தான் கேட்டேன், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கம்பெனி ஏதாவது கொடுத்ததா என்று.

"நீ எழுதிக் குடுத்த பேப்பரக் காட்டி, எங்களுக்குச் சம்பந்தமில்லன்னுட்டாங்க தம்பி. நீ அன்னிக்கி வாயத் தொறக்காம இருந்திருந்தா கேஸுன்னு சொல்லி மொத்தத்தயும் வாங்கித் தந்திருப்போம்னு சங்கத்துக்காரங்க இன்னிக்கும் சொல்றாங்க."

"நீங்க என்னாக்கா சொல்றீங்க?"

"நான் என்னா சொல்றது? நீ வராம இருந்திருந்தா நான் இட்லில நசுக்கிக் குடுத்துக்கினேதான் இருந்திருப்பேன்."

எவ்வளவு ஆச்சு அக்கா என்று கேட்டேன். விரல் விட்டுச் சொன்னது: கட்டில் வாடகை, ஸ்கேன், மருந்து, வேலைக்குப் போகாத இருபது நாள் கூலி. எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்.